இரண்டு வரிகளுக்கு நடுவே

தெருவில் நடந்த காலணியோடு இந்த மரத்தரையில் ஏறக்கூடாது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் கொண்டுவந்த வழவழப்பான அடியுள்ள ஷூவை மாட்டிக்கொள்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலம், கிரீன்ஃபீல்டு ஊர், கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் மண்டபம். கிரேஞ்ச் என்பது 1867-இல் தொடங்கிய உழவர் சங்கம். இந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் அதற்கு ஒரு கூடம் உண்டு. மேடையில் ஃபிடிலுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். பியானோ வாசிப்பவர் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கொடுக்கிறார்.

கான்ட்ரா நடனம். இரண்டு நீண்ட வரிசைகள் எதிரெதிரே நிற்கும். எதிரில் இருப்பவர் ஜோடி, பக்கத்தில் இருப்பவர் அண்டையர். வரிசையின் தலைமாட்டிலிருந்து நான்கு நான்கு பேராகக் கைகோத்துப் பிரிந்துகொள்வோம். அந்த நால்வரும் 64 எண்ணிக்கைக்கு ஓர் ஆட்டம் ஆடி முடிக்கும்போது, ஒரு ஜோடி ஓர் இடம் கீழே போயிருக்கும், மற்றது ஓர் இடம் மேலே வந்திருக்கும். அண்டையர் மாறிவிடுவார். மறுபடி அதே 64. மெட்டுக்கும் அதே அளவு: முதல் பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை, ஒவ்வொரு முறையும் 16 எண்ணிக்கை. ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இப்படிப் பதினைந்து சுற்றாவது போகும்.

ஜோடியில் இடப்பக்கம் நிற்பவருக்கு லார்க் என்று பெயர், வலப்பக்கம் நிற்பவருக்கு ராபின். இரண்டும் பறவைகள். முன்பு ஆண் என்றும் பெண் என்றும் சொன்ன இடத்தில் இப்போது பல ஊர்களில் இவை வந்திருக்கின்றன. யாரும் எந்தப் பக்கமும் நிற்கலாம். நான் பெரும்பாலும் ராபின்.

*

ஆட்டம் அமைப்பவர்கள் அதை ஒரு சிறிய அட்டையில் எழுதி வைக்கிறார்கள். நான்கு பகுதிகள், பகுதிக்கு ஒன்று அல்லது இரண்டு வரி. ஸ்விங், செயின், ஹே, அலமாண்ட், நீள்வரிசை முன்னும் பின்னும், வட்டம் இடப்பக்கம். இந்த அசைவுகளை யாரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. ஜான் பிளேஃபோர்டு 1651-இல் லண்டனில் அச்சிட்ட நடன நூலிலேயே இவற்றில் சிலவற்றின் முன்னோர்கள் இருக்கிறார்கள். நேற்று எழுதிய ஆட்டத்திலும் இருப்பது அதே இருபது முப்பது அசைவுகள்தான்.

அப்படியானால் ஓர் ஆட்டம் இன்னொன்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது? ஓர் ஆட்டம் முடிந்ததும் கூடமே கைதட்டுகிறது, இன்னொன்று முடிந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், ஏன்? சில வருடங்களாக எனக்குக் கிடைத்துவரும் விடை ஒன்றுதான். அட்டையில் இரண்டு வரிகளுக்கு நடுவே எதுவும் எழுதப்படாத இடம் இருக்கிறதே, அங்கே.

*

பள்ளியில் புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்தபோது அவை எனக்குப் பிடிக்கவில்லை. நிலைமொழி, வருமொழி, தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள். பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு மெல்லெழுத்து வந்து பூங்கொடி ஆகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் போய் மரவேர். தேர்வுக்காகப் படித்தேன், மறந்தேன்.

இந்தக் கூடத்தில்தான் அவை திரும்பி வந்தன. டோ-சி-டோ என்றொரு அசைவு. இருவர் ஒருவரையொருவர் வலது தோள் உரசாமல் தாண்டி, முதுகுப்பக்கமாகச் சுற்றி, பின்னடி வைத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். அதே ஆளோடு அடுத்தது ஸ்விங் என்றால் யாரும் அந்தக் கடைசிப் பின்னடிகளை வைப்பதில்லை. இடத்துக்குத் திரும்பி, நின்று, மறுபடி முன்னே வந்து கைபோட வேண்டியதில்லை. சுற்றிவரும் வழியிலேயே இருவரும் ஸ்விங்கில் இறங்கிவிடுகிறார்கள். நிலைமொழியின் ஈறு கெட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய் மரவேர் என்று தானே சொல்லிக்கொள்வதுபோல உடம்பு அதைத் தானே செய்கிறது.

டோ-சி-டோ வலஞ்சுழி, ஸ்விங்கும் வலஞ்சுழி. அதனால் விகாரம் இருந்தும் இடறல் இல்லை.

*

ஸ்விங் எத்தனை சுற்று என்று எந்த அட்டையிலும் இருக்காது. எண்ணிக்கை மட்டும் இருக்கும்: 8, அல்லது தொடக்கத்தில் முன்னடி, பின்னடி வைக்கும் ஒரு பேலன்ஸோடு சேர்த்து 16. இருவரின் வலது பாதமும் பக்கத்தில் பக்கத்தில். வலதை ஊன்றி இடதால் தள்ளித் தள்ளிச் சுழல வேண்டும். எடையைப் பின்னால் கொஞ்சம் கொடுக்க வேண்டும், அவரும் கொடுப்பார். சுவரும் விளக்கும் ஜன்னலும் ஒரே கோடாகிவிடும். தலை சுற்றாமலிருக்க எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை எல்லாம் கடைசி இரண்டு எண்ணிக்கையில். லார்க்கின் வலக்கை என் முதுகில் இருக்கிறது. அவருடைய இடக்கை என் வலக்கையைப் பிடித்திருக்கிறது. அந்த இடக்கை தளர்கிறது. முதுகில் இருக்கும் கை விடுவதில்லை, அதுதான் கீல். கதவு திறப்பதுபோல நான் அவருடைய வலப்பக்கத்துக்குத் திறந்து வருகிறேன். சுழற்சியின் வேகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆனால் அது இப்போது நேராக உள்ளே போகும் வேகம். சற்று முன்புவரை பிடிக்கப்பட்டிருந்த என் வலக்கை காலியாக முன்னால் நீண்டிருக்கிறது. குறுக்கே, வேறொரு ஸ்விங்கிலிருந்து இதே நொடியில் திறந்து வந்த ராபினின் வலக்கையும் அப்படியே நீண்டிருக்கிறது. ஃபிடிலின் அடுத்த வரி தொடங்குகிறது. கைகள் பிடித்துக்கொள்கின்றன. செயின்.

செயினில் வலக்கையால் ஒருவரையொருவர் தாண்டி, இடக்கையை எதிர்ப்பக்க லார்க்கிடம் கொடுப்போம். அவர் நம்மோடு சேர்ந்து இடஞ்சுழியாகத் திருப்பி உள்நோக்கி நிறுத்துவார். இதற்கு அடுத்து இடக்கை ஸ்டார் என்று எழுதியவர் யாரோ, அவர் இதை உடம்பால் அறிந்தவர். இடக்கைகளை நடுவில் சேர்த்து நால்வர் நடக்கும்போது அதுவும் இடஞ்சுழிதான்.

திசை மாறுவதும் தவறில்லை. லார்க்குகள் நடுவில் இடக்கை பிடித்து ஒன்றரைச் சுற்று போய், மறுபக்கத்தில் காத்திருக்கும் ஜோடியோடு ஸ்விங்கில் இறங்குவது நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் இருக்கிறது. இடஞ்சுழி வலஞ்சுழியாகிறது. 8 என்று எழுதும்போது நடுவில் திசை மாறுகிறது, பேனா நிற்பதில்லை. அதே கதை.

*

ஆட்டம் தொடங்குமுன் இசையில்லாமல் ஒருமுறை நடந்து பார்ப்போம். மேடையில் நின்று அடுத்தது என்ன என்று சொல்பவரை இங்கே காலர் என்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். அப்போது எதுவும் புரியாததுபோல இருக்கும். இங்கே வரும் புதியவர்கள் முகத்தில் அந்தக் கலக்கத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், என் முகத்திலும் இருந்திருக்கும். "இங்கிருந்து அங்கே எப்படிப் போவது?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். நடந்து பார்க்கும்போது வேகம் இல்லை. வேகம் இல்லையென்றால் சந்தியே கிடையாது. அசைவுகள் தனித்தனிச் சொற்களாகக் கிடக்கின்றன.

இசை தொடங்கியதும் அதே மனிதர்கள் சரியாக ஆடுகிறார்கள். இதற்குள் அவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முந்தைய அசைவே அவர்களை அடுத்ததில் கொண்டுபோய் விடுகிறது.

*

போன குளிர்காலத்தில் நானும் ஓர் ஆட்டம் எழுதினேன். சமையலறை மேசையில் நான்கு உப்பு, மிளகுப் புட்டிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து எழுதியது. தொடக்கம் இப்படி: அண்டையரோடு வலக்கை அலமாண்ட், அதாவது வலக்கை பிடித்து, ஒன்றரைச் சுற்று, பிறகு ராபின்கள் செயின். புட்டிகள் சரியான இடத்துக்கு வந்தன. எண்ணிக்கையும் சரி: எட்டு, எட்டு.

எட்டுப் பேர் ஒரு வீட்டின் கூடத்தில் ஆடிப் பார்த்தோம். முதல் சுற்றிலேயே ராபின்கள் நால்வரும் ஒரே இடத்தில் திணறினோம். இரண்டாம் சுற்றிலும், மூன்றாம் சுற்றிலும் அங்கேயே. யாரும் தவறாக ஆடவில்லை. எல்லோரும் அரை எண்ணிக்கை நின்று, கையை உதறி, திரும்பி, பிறகு ஓடினோம். நான் எழுதியதை என் தோளே ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்த ஓரிடத்தை மட்டும் மெதுவாக நடந்து பார்த்தேன். அண்டையரின் வலக்கையை இப்போதுதான் விடுகிறேன். விட்ட கையையே மறு நொடி இன்னொருவரிடம் நீட்டச் சொல்லியிருக்கிறேன். அது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம்: வலக்கை பிடித்து வலஞ்சுழியாக ஒன்றரைச் சுற்று முடிக்கும் கணத்தில் ராபினின் மார்பு வரிசைக்கு வெளியே, சுவரைப் பார்த்திருக்கிறது. செயினோ உள்ளே. புட்டிகளுக்கு மார்பும் முதுகும் கிடையாது, அதனால் அவை எனக்கு இதைச் சொல்லவில்லை.

அட்டையில் 'வலக்கை' என்பதை அடித்து 'இடக்கை' என்று எழுதினேன். அதே ஒன்றரைச் சுற்று, அதே எட்டு எண்ணிக்கை. இப்போது இடஞ்சுழியாகச் சுற்றி முடிக்கும்போது ராபின் தானாகவே உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள், வலக்கை காலியாக இருக்கிறது. மறுபடி ஆடினோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சந்தியைத் திருத்தினால் அதற்கு முந்தையது மாறிவிடும். இடக்கையால் தொடங்கும் அலமாண்டுக்கு முன் என்ன இருக்கிறது என்று பார்க்க, கடைசி வரிக்குப் போக வேண்டியிருந்தது. இந்த ஆட்டங்களில் கடைசி வரிக்கு அடுத்தது முதல் வரி.

*

ஒரு மூதாட்டி இருக்கிறார். எண்பதுக்கு அருகில் இருப்பார். அவரோடு ஆடும்போது என் அவசரம் எனக்குத் தெரிகிறது. டோ-சி-டோவை ஆறடியில் முடித்துவிடலாம், மெட்டு கொடுப்பது எட்டு. ஆரம்ப நாட்களில் நான் ஆறில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வந்திருக்க மாட்டார். தாமதமில்லை, எட்டாவது அடியில் சரியாக வருவார். ஒருநாள் என் நீட்டிய கையை மெல்லக் கீழே அமர்த்திவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு இருக்கும்மா."

எட்டு எண்ணிக்கையை முழுதாகச் செலவழிப்பது எப்படி என்று அவரிடம் பார்க்கிறேன். நால்வர் வட்டம் முக்கால் சுற்று போனாலும் எட்டு, முழுச் சுற்று போனாலும் எட்டு. முழுச் சுற்றுக்கு அவர் கையை இழுத்துப் பிடித்து எட்டி நடக்கிறார். முக்காலுக்கு அடியைச் சுருக்கி, எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க நேரம் எடுத்துக்கொள்கிறார். இரண்டிலும் எட்டாவது அடி ஃபிடிலின் வரி முடியும் இடத்தில் விழுகிறது.

முன்னதாகப் போய் நிற்பவரும் பின்தங்கி வருபவரும் ஆட்டத்துக்கு ஒரே கெடுதலைச் செய்கிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பின்தங்கியவரை மற்ற மூவரும் இழுத்துச் சேர்த்துவிட முடியும். முன்னதாகப் போய் நிற்பவரிடம் வேகம் தீர்ந்துபோயிருக்கும். அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

*

பெட்ரோனெல்லா என்றொரு அசைவு: நால்வர் வட்டமாக நின்று பேலன்ஸ், நான்கு எண்ணிக்கை. பிறகு ஒவ்வொருவரும் தனியாகச் சுழன்று வலப்பக்கத்து இடத்துக்கு, நான்கு எண்ணிக்கை. அந்தச் சுழற்சியின் முடிவில் இரண்டு கைத்தட்டு. எழுதியவர் வைத்ததல்ல, ஆடுபவர்கள் சேர்த்துக்கொண்டது. தோன்றல். சிலருக்கு அது பிடிப்பதில்லை, அடுத்த பேலன்ஸுக்குக் கை கிடைக்கத் தாமதமாகிறது என்பார்கள். எனக்குப் பிடிக்கும். கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் விழும் அந்த இரண்டு தட்டில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பது காதுக்குத் தெரிகிறது.

*

பழைய ஆட்டங்களில் எல்லோரும் எப்போதும் ஆடுவதில்லை. முதல் ஜோடி ஆடும், இரண்டாம் ஜோடி பெரும்பாலும் நிற்கும். கோரஸ் ஜிக் அப்படி. ஜிக் என்பது ஒரு மெட்டு வகை. பெயரில் அது இருந்தாலும் ஆடுவது ரீல் என்ற வேறு வகை மெட்டுக்கு. நியூ ஹாம்ப்ஷயரின் கீன் ஊரைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) இப்படிப்பட்டவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவர். 'நார்தர்ன் ஜங்கெட்' என்ற சிறு பத்திரிகையை 1949 முதல் 1984 வரை நடத்தினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரையும் எப்போதும் அசைய வைக்கும் ஆட்டங்களை எழுதத் தொடங்கினார்கள். டெட் சானெல்லா 1982-இல் வெளியிட்ட 'பேலன்ஸ் அண்ட் ஸ்விங்' என் அலமாரியில் இருக்கிறது, பக்கங்கள் தளர்ந்துவிட்டன. இன்று இரவு ஆடப்போவதில் அநேகமாக எல்லாமே இந்தப் பிந்தைய வகை. இடைவிடாத ஓட்டம். அதில் எனக்குள்ள ஆசை பெரிது.

ஆனாலும் கோரஸ் ஜிக்கில் நிற்கும் ஜோடியாக இருந்தபோது கற்றதை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன். அதில் ஆடும் ஜோடி நடுவில் வலக்கையால் ஒருவரையொருவர் திருப்பிக்கொண்டு, இடக்கையால் ஒரு மூலையில் நிற்பவரைப் பிடித்துச் சுற்றி, மறுபடி நடுவில் வலக்கை, மறுபடி வேறொரு மூலையில் இடக்கை, பிறகு நடுவில் பேலன்ஸ் என்று போகும். வலம், இடம், வலம், இடம். மூலையில் நிற்பவளுக்கு ஒரே வகை வேலைதான், வருபவரோடு ஒரு சுற்று. அந்த இடக்கையை எப்போது நீட்டுவது? முன்பே நீட்டினால் அவர் நடுவிலிருந்து முடிக்காமல் ஓடி வருவார். அவர் திரும்பிய பின் நீட்டினால் எந்த மூலை என்று தெரியாமல் ஒரு கணம் தவிப்பார். அவர் தோள் என் பக்கம் திரும்பத் தொடங்கும்போது என் கை எழ வேண்டும். அங்கே நிற்பதும் ஆட்டம்தான்.

மணி மஸ்க் என்ற இன்னொரு பழைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி. மற்ற மெட்டுகள் பெரும்பாலும் 64 எண்ணிக்கை, நியூ இங்கிலாந்தில் ஆடும் மணி மஸ்க் 48. முதல் 16 எண்ணிக்கைக்குள் ஒன்றரைச் சுற்று, ஒரு ஜோடியைத் தாண்டிக் கீழே இறங்குவது, மூவர் மூவராக முன்வந்து பின்செல்வது, எல்லாம் முடிய வேண்டும். அந்த மூதாட்டி சொன்ன இரண்டு எண்ணிக்கை இதில் மட்டும் கிடையாது.

*

காலருடைய சொல் அசைவுக்கு முன்னால் வர வேண்டும். முந்தைய அசைவின் கடைசி நான்கு எண்ணிக்கைக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும், அப்போதுதான் முதல் எண்ணிக்கை நம்முடையதாக இருக்கும். நல்ல காலரின் குரல் சரியாகச் சந்தியின் மேலேயே விழுகிறது. முதல் இரண்டு சுற்றுக்கு முழு வாக்கியம். பிறகு "செயின்" என்று ஒரு சொல். பிறகு நாம் தடுமாறக்கூடிய ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

*

இன்று இரவின் கடைசி ஆட்டம். நானும் என் ஜோடியும் வரிசையின் அடிக்கு வந்துவிட்டோம். அடிக்கு வந்த ஜோடிக்கு அண்டையர் இல்லை. ஒரு சுற்று, 64 எண்ணிக்கை, வெளியே நிற்க வேண்டும். ராபின் வலப்பக்கம் வருமாறு இருவரும் இடம் மாறி, மேலே பார்த்துத் திரும்பிக்கொள்கிறோம். இதுவரை கீழே போனவர்கள், இனி மேலே போவோம்.

வெளியிலிருந்து பார்க்கும்போது அசைவுகள் தெரிவதில்லை. நீளமாக ஏதோ ஒன்று திறந்து மூடித் திறந்துகொண்டிருக்கிறது. என் ஜோடியின் சட்டை முதுகில் நனைந்திருக்கிறது. அவர் பேசவில்லை, குதிகாலால் தாளம் மட்டும் போடுகிறார். இரண்டாம் பகுதி இரண்டாம் முறை தொடங்கிவிட்டது. எட்டு போயிற்று. எங்களுக்கு மிக அருகில் இருக்கும் நால்வர் கடைசி ஸ்விங்கில் சுழல்கிறார்கள். அவர்களில் ஒரு ஜோடிதான் எங்களிடம் வரப்போகிறது. அந்த மூதாட்டி. இந்தப் பக்கம் அவர் முகம் வந்து வந்து போகிறது.

என் இடக்கை எழப் பார்க்கிறது. இன்னும் இரண்டு இருக்கிறது. சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். ஸ்விங் திறக்கிறது, அவர் தோள் என் பக்கம் திரும்புகிறது.